ஃபானும் என்ற சொல்லும் ஒரு கல்யாண மாலையும்

“பெரிப்பா, மாலை பத்திரமா இருக்குல்ல? வர்ற ஞாயித்துக்கிழமை நானும் தினேஷும் வர்றோம். அம்மாவும் வராங்க. அப்படியே திருவிடந்தை போய் மாலையைச் சேர்த்துட்டு வந்துடலாம்.”

என் தம்பி மகள் பவானி போனில் இப்படிக் கேட்டபோது நான் செங்கல்பட்டு வீட்டு மொட்டை மாடியில், கையில் மண் கிளறும் கரண்டியோடு நின்றுகொண்டிருந்தேன். எதிரே குப்பையை எருவாக்கும் நீல நிற டிரம். அவள் கேட்ட மாலை அதற்குள்தான் போயிருந்தது. அதற்குள் இருக்கிறது என்று எழுதினால் பொய். போட்டு மாதக்கணக்கில் ஆயிற்று. சம்பங்கியும் துளசியும் பன்னீர் ரோஜாவும் கறுப்பு மண்ணாகி, அந்த மண் கத்திரிச் செடிக்குப் போய், செடி காய்த்து, காயைச் சாம்பாரில் போட்டுச் சாப்பிட்டும் முடித்துவிட்டோம்.

“இருக்கும்மா. பத்திரமா இருக்கு,” என்றேன்.

இந்தத் தொடரில் இதுவரை மற்றவர்களின் குறைகளைச் சற்றுத் தாராளமாகவே எழுதிவிட்டேன். சக ஆசிரியர்கள், சம்பந்திகள், என் அண்டை வீட்டுக்காரர் யாரும் தப்பவில்லை. இந்த வாரம் என் முறை.

அகராதிக்கு மேலே ஓர் ஆணி

என் தம்பி இறந்து வெகு காலமாகிறது. அவன் மனைவி கற்பகம் அச்சரப்பாக்கத்தில் உரக்கடை நடத்துகிறாள். கடனுக்கு மூட்டை கேட்கிறவர்களோடு பேசிப் பேசிக் குரல் பெரிதாகிவிட்ட பெண். அவளுக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவள் பவானிக்குப் பழைய மகாபலிபுரம் சாலையில் கம்ப்யூட்டர் கம்பெனி வேலை. தங்கியது எங்களோடு.

பவானிக்கு வரன்கள் வந்துகொண்டே இருந்தன, போய்க்கொண்டும் இருந்தன. கருங்குழியிலிருந்து வந்தவர்கள் பஜ்ஜியை மனமாரப் பாராட்டினார்கள். அதோடு சரி. கற்பகத்துக்குத் தூக்கம் போயிற்று. ஒருநாள் மகளை இழுத்துக்கொண்டு திருவிடந்தைக்குப் போனாள்.

கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கம் போய்வருகிறவர்களுக்கு அங்குள்ள வழக்கம் தெரியும். கல்யாணம் ஆகாதவர்கள், பெருமாளுக்குச் சாத்தித் தருகிற மாலையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு கோயிலை ஒன்பது சுற்று சுற்ற வேண்டும். மாலையை வீட்டில் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். கல்யாணம் ஆனதும், அந்தக் காய்ந்த மாலையைத் தம்பதியாக எடுத்துப் போய்க் கோயிலுக்குப் பின்னால் உள்ள புன்னை மரத்தடியில் சேர்த்துவிட வேண்டும்.

பெண் எங்கே இருக்கிறாளோ அங்கேதான் மாலையும் இருக்க வேண்டும் என்று கற்பகம் சொல்லிவிட்டாள். எங்கள் வீட்டில் காலியாக இருந்த ஒரே ஆணி என் படிப்பறையில் இருந்தது. லத்தீன் அகராதிக்கு நேர் மேலே.

வடைக்கு வரி

கற்பகம் சனிக்கிழமைதோறும் கடையைச் சீக்கிரம் அடைத்துவிட்டு ரயிலேறி வருவாள். கை கால் கழுவியதும் நேரே என் அறைக்குள் வந்து மாலைக்குச் சூடம் காட்டுவாள். புகை என் புத்தகங்களில் படியும். நான் முகத்தைச் சுளிப்பேன். அவள் அதைப் பார்க்காததுபோல் இருப்பாள்.

அப்படி ஒரு சனிக்கிழமை எல்லோரும் கூடத்தில் வடை தின்றுகொண்டிருந்தோம். பவானி என் தட்டிலிருந்து பாதி வடையைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டு, “ஃபேனம் டாக்ஸ், பெரிப்பா,” என்றாள்.

“என்ன டாக்ஸ்?”

“ஃபேனம் டாக்ஸ். அடுத்தவங்க தட்டுல கை வெச்சா அப்படிச் சொல்லணும். நெட்ல வந்தது. ஆபிஸ்ல இப்ப எல்லாரும் சொல்றாங்க.”

“எழுத்துச் சொல்லு.”

எஃப், ஏ, என், யூ, எம் என்றாள். எனக்குப் புல்லரித்துவிட்டது.

நான் கல்லூரியில் தாவரவியல் கற்பித்தவன். செடிகளின் பெயர்கள் எல்லாம் லத்தீன் என்பதால் இளவயதில் ஒரு பாதிரியாரிடம் மாலை வேளைகளில் லத்தீன் படிக்கப் போனேன். செடிக்கு வேண்டிய அளவோடு நிறுத்தியிருக்கலாம். நான் நிறுத்தவில்லை. “உனக்கு மொழி நன்றாக வருகிறது. அடக்கம்தான் வரவில்லை,” என்று பாதிரியார் ஒருமுறை சொன்னார். அதை நான் பாராட்டாக எடுத்துக்கொண்டேன்.

“ஃபானும்னா லத்தீன்ல கோயில்,” என்றேன் பவானியிடம். “ரெண்டாயிரம் வருஷத்துச் சொல்லு. நீ வடை பிடுங்குறதுக்கு உபயோகிக்கிற.”

“பெரிப்பா, இது வேற. யாரோ ஒருத்தர் தனக்கு வெச்சுக்கிட்ட பேரு இது. கோயிலுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல.”

சம்பந்தம் இல்லை என்றால் நிறுத்துகிற ஆளா நான்?

ரோமாபுரிக்காரர்களுக்கு ஃபானும் என்றால் முதலில் கட்டடம்கூட இல்லை. இது தெய்வத்துக்கு என்று வாயால் சொல்லி ஒதுக்கிய இடம். அதன் மேல் என்ன கட்டினாலும் கட்டாவிட்டாலும் அது கோயில்தான். அங்கே தெய்வம் ஏறி ஆடுகிறவனுக்கு ஃபனாட்டிகுஸ் என்று பெயர். இங்கிலீஷில் அது ஃபனாட்டிக் ஆகி, வெறியன் என்று அர்த்தம் கெட்டது. பிறகு அதையும் வெட்டி ஃபேன் ஆக்கினார்கள். ரசிகன். நம் ஊர் ரசிகனோ கட்டவுட்டுக்குப் பாலூற்றி, சொல்லை மறுபடி கோயிலுக்கே கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டான்.

இதையெல்லாம் நான் கையில் பாதி வடையோடு சொன்னேன். என் மனைவி சரோஜா, “வடை ஆறுது,” என்றாள்.

அங்கேயாவது நிறுத்தியிருக்கலாம். கற்பகம் வாயைத் திறந்து கேட்டுக்கொண்டிருந்தாள். கேட்க ஆள் இருந்தால் எனக்குத் தலைகால் தெரியாது.

“இதோ நம்ம கற்பகமே இருக்காளே. சனிக்கிழமை தவறாம சூடம், மாலைக்குக் கும்பிடு. சரியான ஃபனாட்டிக்!”

பவானி சிரிக்கவில்லை. கற்பகம் என்னைப் பார்த்தாள்.

“அது நல்ல வார்த்தையா கெட்ட வார்த்தையா மாமா?”

“பழைய காலத்துல நல்ல வார்த்தைதான்,” என்றேன்.

கோழை சொல்லுகிற பதில். ஆனால் சொல்லாராய்ச்சிப்படி சரியான பதில். என்னைப் போன்ற படித்தவர்களுக்கு இந்த வசதி உண்டு.

பரணுக்குக் கும்பிடு

அதற்குப் பிறகு பொங்கல் வந்தது. போகிக்குப் பழைய சாமான்களைக் கழித்துவிட்டு, அறைக்குச் சுண்ணாம்பு அடித்தேன். மாலையை ஆணியிலிருந்து இறக்கினேன். காய்ந்து சருகாகியிருந்தது. தொட்டால் பொடிப் பொடியாக உதிர்ந்தது. குட்டிக் குட்டியாய்க் கறுப்பு வண்டுகள் வேறு.

மறதியில் போட்டேன் என்று சொல்ல மாட்டேன். அது என்ன மாலை என்று தெரிந்தே போட்டேன். வீட்டு டிரம்மில் எரு போடுகிறவர்களுக்குத் தெரியும்: காய்கறித் தோல் நிறையக் கிடைக்கும், காய்ந்த சருகுதான் கிடைக்காது. நல்ல சருகு என்று நினைத்தேன். ஒழிந்தது சூடம் என்றும் நினைத்தேன். இரண்டாவது நினைப்புதான் பெரிது.

“பெரிப்பா, மாலை எங்கே?” என்று அன்று ராத்திரி பவானி கேட்டாள்.

“வெள்ளை அடிக்கிறதால பரண்ல வெச்சிருக்கேன். பத்திரமா இருக்கு.”

அடுத்த சனிக்கிழமை கற்பகம் வந்தாள். ஆணி காலி. மாலை பரணில் இருக்கிறது என்றோம். “அதுவும் நல்லதுதான். மேல இருந்தா கைபடாது,” என்றாள். சூடத்தை ஏற்றி, அண்ணாந்து, பரணைப் பார்த்துக் கும்பிட்டாள்.

பரணில் இருந்தவை: ஒரு பழைய சூட்கேஸ், குக்கர் வந்த அட்டைப்பெட்டி, என் மாணவர்கள் கொடுத்த கேடயங்கள். சனிக்கிழமைதோறும் அவள் அவற்றைக் கும்பிட்டாள். நான் கீழே உட்கார்ந்து பேப்பர் படித்தேன். அந்தக் காட்சியை நினைத்தால் இப்போதும் உள்ளங்கால் கூசுகிறது.

மாசியில் தினேஷின் வீட்டார் வந்தார்கள். பஜ்ஜியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. பெண்ணைப் பிடித்திருக்கிறது என்றார்கள். சித்திரையில் எங்கள் வீட்டில் நிச்சயம். வைகாசியில் கல்யாணம் நடந்தது.

தாவரவியல் கைகொடுத்த விதம்

இனி அந்தப் போனுக்குப் பிறகு நடந்தது.

உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் எத்தனை சனிக்கிழமைச் சூடம்! கற்பகம் என்னை மன்னித்தாலும் அந்தப் பரண் மன்னிக்காது என்று தோன்றியது. வேறொரு மாலையைக் காய வைத்துக் கொடுத்துவிடுவது என்று முடிவு செய்தேன். ஞாயிற்றுக்கிழமைக்குள் காய வேண்டும். செடி கொடிகளைக் காய வைப்பதில் இந்த ஜில்லாவில் என்னை மிஞ்ச ஆளில்லை.

மறுநாள் காலை பழைய பஸ் நிலையத்துப் பக்கம் ஒரு பூக்கடையில் மாலை வாங்கினேன். அதே சம்பங்கி, அதே துளசி, நடுவில் பன்னீர் ரோஜா. கல்லூரி நாட்களில் செடி மாதிரிகளைக் காய வைத்த மரப்பலகை அச்சு இன்னும் என்னிடம் இருக்கிறது. மாலையைப் பழைய பேப்பர்களுக்கு நடுவே பரப்பி, பலகைகளைச் சேர்த்து வாரால் இறுக்கி, மேலே அகராதியையும் வைத்தேன்.

சரோஜா காபியோடு வந்தவள் நின்று பார்த்தாள்.

“இது என்ன?”

“நீ ஒண்ணும் பாக்கல.”

“பாத்துட்டேனே. அவ கேட்டா சொல்லிடுவேன். கேக்கலைன்னா சொல்ல மாட்டேன். அவ்வளவுதான் என்னால முடியும்.”

தினமும் பேப்பரை மாற்றினேன். ஞாயிற்றுக்கிழமை காலை திறந்தபோது மாலை மொறுமொறு என்று இருந்தது. நிறம்கூட மங்கவில்லை. ஒரு கணம் பெருமைப்பட்டேன். அவசரமாக மஞ்சள் பைக்குள் வைத்துக் கட்டிவிட்டேன்.

அச்சில் இறுக்கிய செடி எப்படி இருக்கும் என்பதை முப்பது வருஷம் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான். அன்று எனக்கே நினைவில்லை.

கோயிலுக்கு முன்னால்

தினேஷ் காரோட்டினான். திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போய், கடற்கரைச் சாலையில் வடக்கே திரும்பினோம். மாமல்லபுரத்தில் பாதி செதுக்கி விட்ட பாறைகளைப் பார்த்தபோது எனக்குப் பேச வந்தது. பூஜை காணாத கல் எவ்வளவு அழகாக இருந்தாலும் ஃபானும் ஆகாது, இல்லையா? பின்சீட்டில் மஞ்சள் பையை மடியில் குழந்தைபோல் வைத்திருந்த கற்பகத்தைப் பார்த்தேன். வாயை மூடிக்கொண்டேன்.

“இன்னா மாமா, ஒண்ணும் பேசாம வரீங்க? ஒடம்பு கிடம்பு சரியில்லையா?” என்றாள்.

தரிசனம் முடிந்து புன்னை மரத்தடிக்கு வந்தோம். அங்கே காய்ந்த மாலைகள் குவிந்து கிடந்தன. எல்லாம் பழுப்பேறி, சுருண்டு, நார் நாராக. கற்பகம் பையை அவிழ்த்து மாலையைத் தூக்கினாள்.

அது தொங்கவில்லை. நீட்டிக்கொண்டு நின்றது. அப்பளம் போலத் தட்டையாக, பளிச்சென்ற நிறத்தோடு.

“இன்னாடி இது?” என்றாள் கற்பகம். “இட்லி கணக்கா இருந்த மாலை தோசையாயிட்டுக் கீது?”

பின்பக்கம் பேப்பர் துண்டு ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. தினேஷ் குனிந்து வாசித்தான்: “‘மணமகள் தேவை. நல்ல குடும்பம். சொந்த வீடு.’ மாமா, ஓரத்துல தேதி இருக்கு. இது போன ஞாயித்துக்கிழமை பேப்பர் மாதிரி இருக்கே?”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். சரோஜா மட்டும் புன்னை மரத்தைப் பார்த்தாள்.

அப்போதும் எனக்கு ஒரு பதில் தயாராக இருந்தது. பரண் சூட்டில் ஈரப்பசை வற்றினால் பூவிதழ் தட்டையாகும், இதற்குத் தாவரவியலில் இன்ன பெயர் என்று ஒரு லத்தீன் பெயரை அங்கேயே செய்து சொல்லியிருப்பேன். சொல்லத் தொடங்கும் முன் பவானி, “பெரிப்பாவுக்குத் தெரியும்மா. காயறது பத்தி அவருக்குத் தெரியாததா?” என்றாள். முழு நம்பிக்கையோடு சொன்னாள்.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

“கற்பகம், இது அந்த மாலை இல்ல. அதை நான் போகி அன்னிக்கே எரு டிரம்ல போட்டுட்டேன். தெரிஞ்சேதான் போட்டேன். பரண்ல ஒண்ணுமே இல்ல. நீ கும்பிட்டப்பல்லாம் பாத்துக்கிட்டு சும்மா இருந்தேன்.”

பவானியின் முகம் சுருங்கிப்போயிற்று. கற்பகம் தட்டை மாலையைத் திரும்பப் பைக்குள் வைத்தாள். பிறகு கடையில் கணக்குக் கேட்கிற குரலில் ஆரம்பித்தாள்.

“எப்போ போட்டீங்க? போகிக்கா?”

“ஆமா.”

“தினேஷ் வூட்ல எப்போ வந்தாங்க? மாசியில.”

“ஆமா.”

“அதுக்கு முன்னால ஒரு வருசம் ஆணியில தொங்கிச்சு. ஒரு வரனும் தெகையல. டிரம்ல போட்டீங்க. மறு மாசமே தெகஞ்சுபோச்சு.” அவள் கண்கள் மெல்ல விரிந்தன. “எருவாயிடுச்சா மாமா? நல்ல எருவா?”

“நல்ல எரு.”

“இன்னா வெளைஞ்சுது?”

“கத்திரிக்காய்.”

“அன்னிக்கு நிச்சயத்துக்குச் சாம்பார் வெச்சீங்களே, அந்தக் கத்திரிக்காயா?”

“அய்யோ, நான் ரெண்டாவது தடவை வாங்கிச் சாப்பிட்டேனே!” என்றான் தினேஷ்.

“சாப்பிட்டதாலதான் மாப்ள நீங்க இங்க கீறீங்க,” என்றாள் கற்பகம்.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கோயிலுக்கு முன்னால் என்பதற்கு லத்தீனில் ப்ரோ ஃபானோ என்பார்கள். அதிலிருந்து பிறந்த வினைச்சொல்லுக்குப் பிற்காலத்தில் தீட்டுப்படுத்துவது என்று பொருள். அதற்கும் முந்திய பழைய வழக்கில் அதே சொல்லுக்குத் தெய்வத்தின் முன் படைப்பது என்று பொருள். ஒரே சொல் எப்படி இரண்டு வேலையும் செய்தது என்று பாதிரியாரிடம் கேட்டிருக்கிறேன். அவர் விளக்கியது எனக்குப் புரியவில்லை. கற்பகம் கத்திரிக்காயைப் பற்றிப் பேசியபோது புரிந்தது.

இத்தோடு முடிந்தது என்று நிம்மதியாக மூச்சு விட்டேன். அவள் முடிக்கவில்லை.

“மாலைக்கு எனக்குக் கோவம் இல்ல மாமா. ஆனா அன்னிக்கு வடை துன்னுகினு என்னை ஒரு வார்த்தை சொன்னீங்களே. நல்ல வார்த்தைன்னு வேற சொன்னீங்க. ரயில்ல போவ சொல்லோ போன்ல கேட்டுப் பாத்தேன். போன் அர்த்தம் சொல்லிச்சு. அச்சரப்பாக்கம் வர்ற வரைக்கும் அழுதுகினே போனேன்.”

அவள் குரல் பெரிதாக இல்லை. உரக்கடைக் குரல் எங்கோ போயிருந்தது.

“அவரு இருந்திருந்தா அவரு பாத்துப்பாரு. இல்லையே. ஒண்டியா நான் இன்னா பண்ணுவேன்? சாமியத்தானே புடிச்சிகினு தொங்கணும்?”

எனக்கு ஏழு மொழிகளில் மன்னிப்புக் கேட்கத் தெரியும் என்று ஒருகாலத்தில் பீற்றிக்கொண்டதுண்டு. அங்கே தமிழில் ஒன்றுகூட வரவில்லை. “தப்புதான் கற்பகம்,” என்று மட்டும் சொன்னேன். எத்தனையோ மேடைகளில் பேசியிருக்கிறேன். இதைவிடச் சிறிய பேச்சைப் பேசியதில்லை.

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பழைய குரல் திரும்பியது.

“சரி வுடுங்க. செஞ்சதுக்கு ஒரு வேலை செய்யுங்க. சின்னவன் முரளி மஸ்கட்ல கீறான். அவனுக்கும் ஒண்ணும் அமையல. அவனுக்குப் பதிலா வூட்டுப் பெரியவங்க சுத்தலாமான்னு உள்ள கேட்டுகினுதான் வந்தேன். சுத்தலாமாம். எனக்கு முட்டி வலி. நீங்க சுத்துங்க.”

“நானா?”

“பின்ன? சுத்திட்டு மாலையை உங்க வூட்டுக்கே எடுத்துகினு போங்க. ஆணியில கீணியில மாட்டி டைம் வேஸ்ட் பண்ணாதீங்க. நேரா டிரம்தான்.”

பவானி முதல் முறையாகச் சிரித்தாள். புது மாலையை வாங்கி வந்து, சாத்தி வாங்கி, அவளே என் கழுத்தில் போட்டாள்.

நரைத்த தலை, வழுக்கை, வேட்டி, மூக்குக் கண்ணாடி, கழுத்தில் தொப்புள் வரை சம்பங்கி மாலை. முன்னாலும் பின்னாலும் இருபத்தைந்து வயது இளைஞர்களும் பெண்களும். அவர்கள் வேகமாக நடந்தார்கள். நான் என் வேகத்தில் நடந்தேன். ஒரு பையன் என்னைக் கடந்து போகும்போது, “ஆல் த பெஸ்ட் அங்கிள்,” என்றான்.

சரோஜா பிரகாரத்து நிழலில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் தாம்பரத்திலிருந்து வந்திருந்த ஓர் அம்மாள். நான் அவர்களைத் தாண்டும் நேரத்தில் அந்த அம்மாள் என்னைக் காட்டி, என் காதுபடவே கேட்டார்:

“பாவம், இவ்ளோ வயசாகியும் அமையலையா? யாரும்மா அவரு? உங்களுக்குத் தெரிஞ்சவரா?”

சரோஜா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். சாவகாசமாக விசிறிக்கொண்டாள்.

“தெரிஞ்சவருதான். லத்தீன் எல்லாம் படிச்சவரு. அதான் யாரும் பொண்ணு குடுக்கல.”